மடையை யார் மூடுவது

என் மகளே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் எழும்பிவிட்டேன். கவலையில் இல்லை, கோபத்தில். கோபம் உன்மேலும் இல்லை; உன் புது அலுவலகத்தில் உனக்கு மேலதிகாரியாக இருக்கிற அந்த மனிதர்மேல். நீ எழுதிக் கொடுத்த உதவிச் செயற்கூறுகளைப் பார்த்துவிட்டு, "இங்கே கேர்னல் எழுதுகிற எல்லாரும் கைதேர்ந்தவர்கள், அவர்களுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டத் தேவையில்லை" என்றாராம். நீயும் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்த இடத்தில் எதற்குப் பகை, எழுதியதைத் திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைக்கிறாயாம். மாதக் கடைசியில் கூட்டம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று விமானத் தபாலில் போடுகிறேன். திருப்பி எடுக்காதே. ஏன் என்று சொல்ல என்னிடம் நல்ல கதை ஒன்று இருக்கிறது. அதன் பாதி நீ இங்கே இருந்தபோது நடந்தது, மிச்சப் பாதி நீ போன பிறகு நடந்தது. அந்த இரண்டாம் பாதியை உனக்குச் சொல்லத்தான் இத்தனை நாளாக நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். எழுத எழுத வாசித்துக் காட்ட வேண்டுமாம். "உங்கட கொம்பியூட்டர் பாசையில எழுதி என்னை நடுவழியில விட்டுட்டுப் போகாதையுங்கோ" என்கிறாள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காக விளக்கிக்கொண்டுதான் போவேன், பொறுத்துக்கொள். ஒரு இயந்திரத்தில் ஓடுகிற நிரல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்து, யாருக்கு எப்போது எதைக் கொடுப்பது, யார் காத்திருப்பது என்று தீர்மானிக்கிறது. அதுதான் கேர்னல். அதில் பிழை வந்தால் மேலே இருப்பது எல்லாம் சேர்ந்து விழும். அதை எழுதுகிறவர்கள், அடிக்கடி வருகிற சின்ன வேலைகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. ஒருதரம் எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டு, தேவையான இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுதான் உதவிச் செயற்கூறு. இவ்வளவும் சொல்லி முடிக்க அம்மா, "ஓம், கறித்தூள் ஒருக்கா இடிச்சு வைக்கிற மாதிரி" என்றாள். அப்படியே வைத்துக்கொள்வோம்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். எதற்கும் ஒரு துண்டு எழுதி ஒட்டிவிட்டால் என் கடமை முடிந்தது என்று நினைக்கிற ஆள். நீ பிறந்த நேரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, வீட்டைப் பார்க்க உன் சித்தப்பா அன்புவழிபுரத்திலிருந்து வந்து நின்றான். அந்தக் காலத்தில் நம் குசினியில் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஒரே மாதிரியான இரண்டு போத்தல்களில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் நான் அழகான எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு இரண்டு எழுத்துமே கரைந்து போயிருந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்த சித்தப்பா லாம்புக்குத் தேங்காயெண்ணெயை ஊற்றிவிட்டு, திரியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வெகு நேரம் அதோடு மல்லுக்கட்டினான். நான் வந்து, "எழுதி ஒட்டியிருக்கிறன், உனக்குக் கண் தெரியாதோ" என்று கத்தினேன். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு ஒருவரையும் ஏசாமல், மண்ணெண்ணெயை ஒடுங்கின வாய் வைத்த ஒரு சதுரத் தகரத்துக்கு மாற்றிக் குசினிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். அதன் பிறகு இந்த வீட்டில் யாரும் எண்ணெய் மாறி ஊற்றியது கிடையாது. உன்னுடைய மூளை உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று ஊரில் கேட்பவர்களுக்கு, தகப்பனிடமிருந்து என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். இப்போது சொல்வதை மாற்றிவிட்டேன்.

இனித் துறைமுகக் கதை. தானிய இறங்குதுறையில் கப்பலிலிருந்து வருகிற தானியத்தைக் களஞ்சியங்களுக்குக் கொண்டுபோகிற பெல்ட்டுகளை ஓட்டுவதற்கு, நானும் ஹனிபாவும் சேர்ந்து அந்தச் சின்னக் கொம்பியூட்டரை அமைத்தோம். கேர்னல் முழுக்க என்னுடையது. ஹனிபா அதற்கு மேலே நின்று, எந்த பெல்ட் எந்தக் களஞ்சியத்துக்குப் போவது என்கிற நிரல்களை எழுதினான். கொழும்பில் முறையாகப் படித்தவன், கெட்டிக்காரன், பொறுமைசாலி. கிண்ணியாவில் அவனுடைய ஆட்களுக்கு வயல் இருக்கிறது, லீவு நாளில் வரம்பில்தான் நிற்பான். முதல் ஒத்திகை எப்படி முடிந்தது என்று உனக்கு நினைவிருக்கும். முதல் பெல்ட் தன் பங்கைக் கொட்டி முடித்து நின்றது. அதே பெல்ட் தனக்கு வேண்டும் என்று அடுத்த நிரல் கேட்டது, கிடைக்கவில்லை. அது காத்திருந்தது, அதற்காக இன்னொன்று காத்திருந்தது. கப்பலில் நின்ற தொழிலாளர்கள் தொப்பியால் விசிறிக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் கையால் விசையைப் போட்டுத்தான் தானியத்தை இறக்கினோம். மேலிடத்தார் மரியாதையாகவே சொன்னார்கள், இன்னொரு முறை நின்றால் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றிடம் கேட்கப் போகிறோம் என்று. என் வாழ்நாளில் நான் முழுதாகக் கட்டிய ஒரே பொருள் அதுதான். ஸ்டோருக்குப் போனது எதுவும் அங்கிருந்து திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு பெல்ட்டை எடுத்தால் அது பூட்டப்படும், வேலை முடிந்ததும் எடுத்தவரே பூட்டைத் திறந்து விட வேண்டும். ஹனிபா எடுத்திருந்தான், விடவில்லை. நான் வழக்கப்படி குதித்தேன். "எடுத்தவர் விட வேண்டும் என்று நிரலின்ர தலைப்பிலயே எழுதி வைச்சிருக்கிறன். வாசிக்கேல்லையோ?" அவன் முகம் கறுத்துப் போனது. வீட்டுக்கு அவனைக் கூட்டி வந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிரல் அச்சடித்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நீதான் குறுக்கே வந்தாய். ஏன் வாசிக்கவில்லை என்று நீ அவனைக் கேட்கவில்லை. "அண்ணா, இதை எழுதேக்க நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டு எழுதினீங்கள்?" என்று கேட்டாய்.

ஹனிபா சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "தங்கச்சி, எங்கட வயல்ல முறைத் தண்ணி. என்ட முறை முடிஞ்சா நான் மடைய மூடுறதில்ல. அடுத்த முறைக்காரன் வந்து என்ட மடைய மூடிட்டுத் தன்ட மடையத் திறப்பான். அவன் வாறதுக்கு முந்தி நான் மூடிட்டா தண்ணி போக வழி இல்லாம வாய்க்கால் உடைச்சுப் போயிரும். பெல்ட்டையும் அப்படித்தான் நினைச்சன். எடுக்கிறவன் முந்தினவன்ட கையில இருந்து எடுப்பான்தானே." நீ கையைத் தட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்று அவனுக்கும் விளங்கியது. கவனமில்லாததால் பூட்டை விடாமல் இருந்தவன் அல்ல அவன், கவனம் இருந்தபடியால்தான் விடவில்லை. எனக்கோ நேர் எதிர்ப் பழக்கம். எங்கள் வேலைத்தலத்தில் பலகையில் திறப்பு தொங்கும், அறையைத் திறக்க எடுத்தவன் கொண்டுவந்து மாட்ட வேண்டும், மாட்டாவிட்டால் ஏச்சு விழும். "பெல்ட்" என்று ஒரு மொட்டைப் பெயர் வைத்து நான் எழுதிய அந்தச் செயற்கூறு, என் பழக்கத்துக்கு ஒன்றைச் சொன்னது, அவன் பழக்கத்துக்கு வேறொன்றைச் சொன்னது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் இடத்தில் சரியாகவே இருந்தோம், பெல்ட்தான் நின்றது.

அன்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு நாம் சண்டை பிடித்ததை அம்மா இப்போதும் நடித்துக் காட்டுகிறாள். "அவன் ஒருத்தன்தான் வயல்காரன். அவனுக்கு ஒருக்காச் சொல்லிவிட்டாக் காணும்" என்றேன் நான். "அடுத்ததா வாறவர் எந்த ஊர் ஆளோ, அந்த ஊரில என்ன வழக்கமோ. எல்லா ஊர் வழக்கமும் உங்களுக்குத் தெரியுமோ அப்பா?" என்றாய். "பெரிய எழுத்தில எழுதி விடுறன்" என்றேன். "போத்தலில ஒட்டின மாதிரியோ?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் கோபித்துக்கொண்டு, இந்தக் கேர்னலில் கைவைப்பதென்றால் என் பிணத்தின்மேல்தான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். நீ அசையவில்லை. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தாய்.

நீ செய்ததை அம்மாவுக்கு விளக்கும்போதுதான் அதன் அழகு எனக்கே முழுதாகத் தெரிகிறது. பூட்டை எடு, பூட்டை விடு என்று இரண்டு வேலையாக இருந்ததை நீ ஒன்றாக்கிவிட்டாய். பெல்ட்டை வைத்துச் செய்ய வேண்டிய வேலையையே இப்போது செயற்கூற்றின் கையில் கொடுத்துவிட வேண்டும். அது பெல்ட்டை எடுக்கும், வேலையைச் செய்விக்கும், வேலை நல்லபடி முடிந்தாலும் பாதியில் பிழைத்தாலும் தானே விட்டுவிடும். மடையை யார் மூடுவது என்ற கேள்வியே இல்லை. மறப்பதற்கு ஒன்று இருந்தால்தானே மறக்கலாம். அதோடு நீ நிற்கவில்லை. பெல்ட்டுக்கு ஒரு எண், களஞ்சியத்துக்கு ஒரு எண் என்று நான் வைத்திருந்தேன். இரண்டும் வெறும் எண்கள், முன்பின்னாக மாற்றிக் கொடுத்தாலும் இயந்திரம் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். நீ பெல்ட்டை ஒரு வகையாகவும் களஞ்சியத்தை வேறு வகையாகவும் ஆக்கினாய். மாற்றிக் கொடுத்தால், கப்பல் வரும் வரை காத்திராமல், நிரலை இயந்திரத்தின் பாசைக்கு மாற்றுகிற கொம்பைலர் எழுதிய இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். "காத்திரு" என்ற என் செயற்கூறு விநாடிக் கணக்கா, கடிகாரத் துடிப்புக் கணக்கா என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நீ அளவையும் பெயருக்குள்ளேயே வைத்தாய். வேகம் குறையும் என்று நான் வாதாடினேன், ஓட்டிப் பார்த்தோம், குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. நினைவகத்தில் இடம் பிடிக்கும் என்றேன், என்னுடைய பழைய குப்பைகளை நீ எடுத்தெறிந்ததில் இடம் மிச்சமாகவே வந்தது. பிடிவாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். வெளிநாட்டு வேலைக்குப் போக நீ கொழும்பு ரயிலில் ஏறுகிற அன்றும் ஸ்டேஷனில் உனக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நீ செய்தது பெரிய வேலை.

நீ போன பிறகு இரண்டாவது ஒத்திகைக்காகக் காத்திருந்தோம். தானியக் கப்பல் அடுத்த கிழமைதான் என்றார்கள். அந்த நம்பிக்கையில் நானும் அம்மாவும் உன் பெரியம்மா மகளின் கல்யாணத்துக்குக் கட்டைபறிச்சானுக்குப் போனோம். தாலி கட்டி முடிந்து பந்தியில் இருந்த நேரம், திருகோணமலையிலிருந்து குடாவைக் கடந்து வருகிற காலை லோஞ்சில் மூதூர் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "தானியக் கப்பல் வந்து கட்டிட்டுது போல, லோஞ்சில வரேக்க கண்டனான்" என்றார். நான் கையை உதறிக்கொண்டு அடுத்த லோஞ்ச் எப்போது என்று கேட்டேன். திரும்பிப் போகிற லோஞ்ச் பின்னேரம்தான். அதைவிட மோசம், நாங்கள் புறப்பட முதலே ஒரு களஞ்சியத்தில் தானியத்தை மேலேற்றுகிற தூக்கி பழுதாகி, அதை அடைத்திருந்தார்கள், தானியத்தை வேறு பாதையால் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அப்படி ஒரு பாதை நிரலில் இல்லை. ஹனிபா அதைத் தனியாக, அந்த நேரத்தில், கப்பலை வைத்துக்கொண்டு புதிதாக எழுத வேண்டும். நான் எழும்பி நடக்கத் தொடங்கினேன். அம்மா என் சால்வையைப் பிடித்து இருத்தினாள். "கடலை நீந்திப் போகப் போறீங்களோ? இருந்து பாயாசத்தைக் குடியுங்கோ. பிள்ளை செய்து வைச்சிட்டுப் போனதுதானே, பாப்பம்" என்றாள். அன்று நான் குடித்த பாயாசத்தின் ருசி என்னவென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பின்னேர லோஞ்ச் குடாவைக் கடந்த நேரம் முழுக்க நான் முன்பக்கத்தில்தான் நின்றேன். பெட்டி ஸ்டோருக்குப் போவதையும், அங்கே அதன்மேல் எலி ஓடுவதையும்கூட மனதில் பார்த்துவிட்டேன். இறங்கியதும் அம்மாவைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு இறங்குதுறைக்கு ஓடினேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. பெல்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. காவலாளி என் வேட்டியைப் பார்த்து, "கல்யாணம் இங்கயோ சேர்?" என்றான். உள்ளே ஹனிபா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன சேர் இப்படி ஓடி வாறீங்க? கல்யாணம் முடிஞ்சிதா?"

"கப்பல்?"

"கப்பலுக்கென்ன, பாதிக்கு மேல இறக்கியாச்சி."

எனக்கு ஆள் அனுப்பவில்லையா என்று கேட்டேன். எதற்கு என்று திருப்பிக் கேட்டான். உண்மையாகவே எதற்கு என்று தெரியாமல்தான் கேட்டான். முன்பெல்லாம் கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் நிற்கும்போதும் என்னைத் தேடி ஜீப் வரும். நான் புது நிரலைக் காட்டச் சொன்னேன். ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது. எங்கே பிழை விட்டிருப்பான் என்று விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன், பிழை விடுவதற்கு அதில் இடமே இருக்கவில்லை. "ஒருக்கா மாறித்தான் போட்டன் சேர்" என்றான் அவனே. "பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில களஞ்சியத்தப் போட்டுட்டன். கப்பல் வந்த பதட்டம். கொம்பைலர் அந்த இடத்திலயே நிப்பாட்டிட்டு. உங்கட பிள்ளை அங்க இருந்துகொண்டு என்ட கையப் பிடிச்ச மாதிரி இருந்திச்சி." நான் அவன் கையிலிருந்த தேத்தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்து, கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியது. தானியத் தூசு என்று காவலாளியிடம் சொன்னேன்.

மேலிடத்தார் மறுநாள் வந்து, வெறுமையான கப்பலையும் நிரம்பிய களஞ்சியங்களையும் சுற்றிப் பார்த்தார்கள். பெட்டி ஸ்டோருக்குப் போகவில்லை. அடுத்த இறங்குதுறைக்கும் இதே மாதிரி ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஹனிபாவைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவனுக்குக் கீழே புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள், என்ன ஊர் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

இப்போது உன் மேலதிகாரிக்கு வருகிறேன். கைதேர்ந்தவர்களுக்குக் கைப்பிடிச் சுவர் தேவையில்லை என்றார் அல்லவா? எடுத்ததைத் திருப்பி விட மறப்பவன் மடையனாகத்தான் இருப்பான் என்று நானும் முதலில் நினைத்தேன், அதனால் அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன கிழமை புது இறங்குதுறைக்கு ஒரு சின்ன நிரல் வேண்டியிருந்தது. ஹனிபாவுக்கு வேலை அதிகம், நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். இந்தக் கேர்னலை ஆதியிலிருந்து எழுதியவன் நான். அதன் ஒவ்வொரு மூலையும் எனக்கு மனப்பாடம். எழுதி முடித்து ஓட்டக் கொடுத்தேன். கொம்பைலர் நிறுத்தியது. இயந்திரத்தில்தான் ஏதோ பிழை என்று அதோடு கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் களஞ்சியம் இருந்தது. ஹனிபா விட்ட அதே பிழை. கப்பலும் இல்லை, பதட்டமும் இல்லை, குளிர்காற்று வீசுகிற அறைக்குள் சாவகாசமாக இருந்துகொண்டு அந்தப் பிழையை விட்டேன். உன் பழைய சண்டை இல்லாவிட்டால் அது அப்படியே போய், ஒரு நாள் கப்பலுக்கு முன்னால் விழுந்திருக்கும்.

ஹனிபா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான், நல்ல மனுசன். நான்தான் சிரித்தேன். அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். பிறகு நிரலின் தலைப்புக்குப் போய், எடுத்தவர் விட வேண்டும் என்று பெரிய எழுத்தில் நான் எழுதி வைத்திருந்த அந்த எச்சரிக்கையை என் கையாலேயே அழித்தேன். நானே ஒரு நாள் அழிக்கட்டும் என்று நீ வேண்டுமென்றே அதைத் தொடாமல் விட்டுப் போயிருக்கிறாய் என்று அப்போதுதான் விளங்கியது.

ஆகவே கூட்டத்துக்குப் போ, திருப்பி எடுக்காதே. கைதேர்ந்தவர்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், திருகோணமலையில் ஒரு கேர்னலை முழுதாகத் தானே எழுதிய ஒருவர் இருக்கிறார் என்று சொல்லு. அவர் போன கிழமை கையை வழுக்க விட்டார் என்றும், விழாமல் பிடித்தது அவருடைய மகள் கட்டிவைத்துவிட்டுப் போன சுவர் என்றும் சொல்லு. பெயர் கேட்டால் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

அம்மா இவ்வளவையும் கேட்டுவிட்டு, தானும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். அந்தச் சதுரத் தகரம் இன்னும் குசினிக்கு வெளியேதான் இருக்கிறதாம்.

உன் அப்பா